குறைந்த செலவில் புரோகிரசிவ் கண்ணாடி: வாங்குவது முதல் பழகுவது வரை

எனக்கு முதலில் செய்துகொடுத்த புரோகிரசிவ் கண்ணாடியில் (தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸில் கோடில்லாமல் பவர் வைத்தது) பேப்பர் படிக்க வேண்டுமென்றால் மோவாயை மேலே தூக்க வேண்டியிருந்தது. கடையில் கேட்டால், "பழகிடும் சார், ஒரு மாசம் போடுங்க" என்றார்கள். கழுத்து வலி வந்ததே தவிர, பழகவில்லை. பிறகு வேறொரு சின்னக் கடையில் ஒரு வயதான ஆப்டிஷியன் அதை என் மூக்கில் மாட்டிப் பார்த்தார். லென்ஸில் குறையில்லை, பொருத்திய உயரம்தான் தப்பு என்றார். அவர் முறையாக அளவெடுத்து, அதே விலையுள்ள லென்ஸில் வேறொன்று செய்துகொடுத்தார். இன்றுவரை அதைத்தான் போட்டிருக்கிறேன்.

இந்தக் கட்டுரை முழுக்கவே அதைப் பற்றித்தான். புரோகிரசிவ் கண்ணாடி ஒத்துவருமா வராதா என்பதை லென்ஸின் விலையைவிட அளவெடுப்பதும் பொருத்துவதும்தான் தீர்மானிக்கின்றன. இருபதாயிரம் ரூபாய் லென்ஸையும் தப்பாகப் பொருத்தினால் போட முடியாது. மூவாயிரம் ரூபாய் லென்ஸைச் சரியாகப் பொருத்தினால் நாள் முழுக்கப் போடலாம். ஆனால் கடைகளில் பேச்செல்லாம் பிராண்டைப் பற்றியே நடக்கிறது. அளவெடுக்க ஒதுக்கும் நேரம் இரண்டு நிமிடம்கூட இருப்பதில்லை. அங்கேதான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும்.

நான் சொல்லும் விலைகள் தமிழ்நாட்டில் நடுத்தர ஊர்க் கடைகளில் விசாரித்தவை. உங்கள் ஊரில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

1. உங்களுக்கு இது தேவையா என்று முதலில் பாருங்கள்

நாற்பது வயதுக்கு மேல் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மெல்ல இறுகிப்போகிறது. கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க அது வளைந்து கொடுப்பதில்லை. இதுதான் வெள்ளெழுத்து. இதற்குப் பயிற்சியோ சொட்டு மருந்தோ நிரந்தரத் தீர்வாகாது. கண்ணாடிதான் எளிய வழி.

உங்களுக்குத் தூரப்பார்வை முழுதாக நன்றாக இருந்து, படிக்க மட்டும் சிரமம் என்றால், படிக்கும் கண்ணாடி ஒன்றே போதும். சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். தூரத்துக்கும் பவர் இருக்கிறது, கிட்டத்துக்கும் வேண்டும், இரண்டு கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட முடியவில்லை என்பவர்களுக்குத்தான் பைஃபோகல் அல்லது புரோகிரசிவ் வேண்டும். வகுப்பெடுப்பவர், வங்கி கவுண்டரில் இருப்பவர், கடையில் கல்லாவையும் வாடிக்கையாளரையும் மாறி மாறிப் பார்ப்பவர் எல்லாம் இதில் வருவார்கள்.

பைஃபோகலில் ஒரு கோடு தெரியும். மேலே தூரம், கீழே கிட்டம். கம்ப்யூட்டர் திரை இருக்கும் நடுத் தூரத்துக்கு அதில் இடமே இல்லை. புரோகிரசிவில் கோடு கிடையாது. மேலிருந்து கீழே வர வர பவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போகும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு: லென்ஸின் இரண்டு கீழ்ப் பக்கங்களும் மங்கலாக இருக்கும். தெளிவாகத் தெரியும் பகுதி ஓர் உடுக்கை மாதிரி இருக்கும். மேலே அகலம், நடுவில் குறுகல், கீழே மறுபடி கொஞ்சம் அகலம். எவ்வளவு விலை கொடுத்தாலும் அந்தப் பக்க மங்கல் குறையுமே தவிர, போகாது. "எங்க லென்ஸில் மங்கலே இருக்காது" என்று யாராவது சொன்னால், அந்தக் கடையில் வாங்காதீர்கள்.

சிலர் யோசித்து வாங்க வேண்டும். ஏணியில் ஏறி வேலை செய்பவர்களும், படியில் தடுமாறும் வயதானவர்களும் கீழே குனிந்து பார்க்கும்போது தரை மங்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். இரண்டு கண்ணின் பவருக்கும் பெரிய வித்தியாசம் உள்ளவர்கள், அடிக்கடி தலைசுற்றல் வருபவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டே முடிவு செய்யுங்கள். கண்புரை அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் அது முடியும்வரை பொறுங்கள். அதன்பின் பவரே மாறிவிடும்.

வாங்குவது என்று முடிவு செய்தால் தள்ளிப்போட வேண்டாம் என்பது என் கருத்து. கிட்டப் பவர் குறைவாக இருக்கும்போது பக்க மங்கலும் குறைவு, பழகுவதும் சுலபம். அறுபது வயதில் கூடுதல் பவர் +2.50 ஆனபிறகு முதல்முறையாகப் போடுகிறவர்கள் படும் பாடு அதிகம்.

2. கண் பரிசோதனை: இங்கே அவசரம் வேண்டாம்

கடை வாசலில் "கம்ப்யூட்டர் கண் பரிசோதனை இலவசம்" என்று பலகை இருக்கும். மோவாயை வைத்து ஒரு மெஷினுக்குள் படத்தைப் பார்க்கச் சொல்வார்கள். ஒரு சின்னத் தாள் அச்சாகி வரும். அது தொடக்கப் புள்ளி மட்டும்தான். அதை வைத்துச் சோதனை ஃப்ரேமில் லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்டு முடிவு செய்ததுதான் உங்கள் பவர். மெஷின் தாளை வைத்து அப்படியே ஆர்டர் எடுக்கும் கடையில் புரோகிரசிவ் வாங்க வேண்டாம்.

நாற்பது தாண்டியவர்கள் கண் மருத்துவமனைக்கே போவது நல்லது. கண் அழுத்தமும் விழித்திரையும் அங்கேதான் பார்ப்பார்கள். கண் அழுத்த நோய் பெரும்பாலும் வலியில்லாமல் வரும், கடைக்காரரால் கண்டுபிடிக்க முடியாது. செலவு செய்ய முடியாதவர்களுக்குச் சென்னையில் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கண் பிரிவு உண்டு. மதுரை, கோவை, திருநெல்வேலி, தேனி, சேலம் பக்கம் இருப்பவர்களுக்கு அரவிந்த் கண் மருத்துவமனை கட்டுப்படியாகும். மருத்துவமனையில் பவர் எழுதிய சீட்டை வாங்கிக்கொண்டு கண்ணாடியை வெளியே வாங்கலாம். அங்கேயே வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

போகும்போது பழைய கண்ணாடி, பழைய சீட்டு இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். அரை நாள் ஒதுக்குங்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டால் நாலைந்து மணி நேரம் கிட்டத்தில் எதுவும் தெரியாது, வெயில் கூசும். வண்டி ஓட்டிக்கொண்டு திரும்பி வர முடியாது, துணைக்கு யாராவது வேண்டும். கிட்டப் பவரைச் சொட்டு மருந்து விடுவதற்கு முன்பே பார்த்துவிட்டார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் இன்னொரு நாள் வரச் சொல்வார்கள், போய்த்தான் ஆக வேண்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் பவரும் மாறும். சர்க்கரை 300-இல் இருக்கும்போது செய்த கண்ணாடி, மருந்து சாப்பிட்டு அது கட்டுக்குள் வந்ததும் பொருந்தாது. சில வாரம் சர்க்கரை ஒரே சீராக இருந்த பிறகு பரிசோதனைக்குப் போங்கள். அத்தனை பணமும் வீணாகாமல் இருக்கும்.

பரிசோதிப்பவரிடம் உங்கள் வேலையைச் சொல்லுங்கள். படிக்கும் அட்டையைப் பொதுவாக 35, 40 செ.மீ. தூரத்தில் வைத்துத்தான் பார்ப்பார்கள். நீங்கள் தையல்காரர் என்றால் அதைவிடக் கிட்டத்தில் பார்ப்பீர்கள். கம்ப்யூட்டர் வேலை என்றால் 60 செ.மீ. அளவில். வீட்டில் உங்கள் திரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஒரு டேப்பால் அளந்துகொண்டு போனால் இன்னும் நல்லது. முடிந்தால் சோதனை ஃப்ரேமைப் போட்டுக்கொண்டு வராண்டாவில் கொஞ்சம் நடந்து பார்க்கவும் கேளுங்கள்.

3. சீட்டைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

நம் ஊர்ச் சீட்டில் வலது கண், இடது கண் என்று இரண்டு பக்கமும், டி.வி., என்.வி. என்று இரண்டு வரிசையும் இருக்கும். டி.வி. என்பது தூரப் பார்வை, என்.வி. என்பது கிட்டப் பார்வை. ஒவ்வொன்றிலும் ஸ்பியர் (அடிப்படைப் பவர்), சிலிண்டர் (சிதறல் பார்வைக்கான பவர்), ஆக்சிஸ் (அந்தச் சிலிண்டரின் கோணம்) என்று மூன்று எண்கள். பக்கத்தில் 6/6, என்6 என்று எழுதியிருந்தால் அந்தக் கண்ணாடியோடு எவ்வளவு தெரிந்தது என்று பொருள்.

புரோகிரசிவுக்கு வேண்டிய முக்கியமான எண் "ஆட்". தூரப் பவரோடு கிட்டத்துக்கு எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதே அது. சில சீட்டில் தனியாக எழுதியிருப்பார்கள், பலவற்றில் இருக்காது. அப்போது என்.வி. ஸ்பியரிலிருந்து டி.வி. ஸ்பியரைக் கழிக்க வேண்டும்.

தூரத்துக்கு +0.50, கிட்டத்துக்கு +2.25 என்றால் ஆட் 1.75. தூரத்துக்கு −2.00, கிட்டத்துக்கு −0.25 என்றாலும் ஆட் அதே 1.75தான். மைனஸ் பவர் உள்ளவர்களின் சீட்டில்தான் கடைகள் அதிகம் குழம்புகின்றன. கிட்டப் பவரையே ஆட் என்று நினைத்து எழுதிவிட்டால் கண்ணாடியே தப்பு. வீட்டிலேயே கணக்குப் போட்டு வைத்துக்கொண்டு, ஆர்டர் தாளில் அதே எண் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு கண்ணுக்கும் ஆட் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். வேறு வேறாக இருந்தால் டாக்டரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

சீட்டில் தேதி, கையெழுத்து, பரிசோதித்தவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அதைப் போட்டோ எடுத்துக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். அசலைக் கடையில் வைத்துக்கொள்வோம் என்பார்கள், கொடுக்காதீர்கள். நகல் போதும்.

4. ஃப்ரேமை முதலில் தேர்ந்தெடுங்கள்

லென்ஸுக்கு முன்னால் ஃப்ரேம். ஏனென்றால் அளவெடுப்பதே அந்த ஃப்ரேமை உங்கள் முகத்தில் மாட்டித்தான்.

கண்ணாடியின் உயரம், அதாவது லென்ஸ் மேலிருந்து கீழ்வரை, 30 மி.மீ.க்குக் குறையக் கூடாது. 32 முதல் 38 வரை வசதி. ஒல்லியான, பட்டையான ஃப்ரேமில் படிக்கும் பகுதி வெட்டுப்பட்டுப் போகும். விமானி கண்ணாடி போல மூக்குப் பக்கம் கீழே சரிந்து வெட்டிய வடிவமும் வேண்டாம், கிட்டப் பார்வைப் பகுதி சரியாக அங்கேதான் இருக்கிறது. காதுக் கம்பியின் உள்பக்கம் 52-18-140 என்பதுபோல எழுதியிருக்கும். லென்ஸ் அகலம், மூக்குப் பாலம், கம்பி நீளம் என்று வரிசை. இப்போது உங்களுக்குச் சரியாக உட்காரும் கண்ணாடி இருந்தால் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள்.

நம் வெயிலுக்கு இன்னொரு விஷயம். வியர்வையில் மூக்கிலிருந்து கண்ணாடி வழுக்கும். சாதாரணக் கண்ணாடி இரண்டு மி.மீ. இறங்கினால் ஒன்றுமில்லை, புரோகிரசிவ் இறங்கினால் படிக்கும் பகுதியும் சேர்ந்து இறங்கிவிடும். அதனால் வளைத்துச் சரிசெய்யக் கூடிய மூக்கு பேட் உள்ள மெட்டல் ஃப்ரேமைத்தான் நான் முதல் கண்ணாடிக்குச் சொல்வேன். அறுநூறு முதல் ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குள் நல்லதே கிடைக்கிறது. வீட்டில் திடமான பழைய ஃப்ரேம் இருந்தால் அதிலேயே லென்ஸ் போடச் சொல்லலாம். பழைய ஃப்ரேம் மெஷினில் உடைந்தால் கடை பொறுப்பேற்காது என்பார்கள், அது நியாயம்தான்.

5. லென்ஸ்: எங்கே செலவு செய்யலாம், எங்கே வேண்டாம்

நான் விசாரித்த கடைகளில் பெயரில்லாத அடிப்படை புரோகிரசிவ் ஒரு ஜோடி 1,200 முதல் 2,500 ரூபாய். கம்ப்யூட்டர் வழியாகப் புள்ளி புள்ளியாகக் கடைந்து செய்யும் வகையை ஃப்ரீஃபார்ம் அல்லது டிஜிட்டல் என்கிறார்கள், அது 2,500 முதல் 6,000 வரை. பெரிய பிராண்டுகளின் ஆரம்ப வகை 5,000-க்கு மேல். அவற்றின் உச்சம் 20,000, 30,000 என்று போகும். எஸ்ஸிலார், சைஸ், ஹோயா, கோடக் என்று பல பெயர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மலிவான வகையும் உண்டு, விலையுயர்ந்த வகையும் உண்டு. அதனால் பிராண்ட் பெயரை மட்டும் சொல்லி விலை கேட்காதீர்கள், அந்த லென்ஸின் முழுப் பெயரைக் கேளுங்கள்.

ஆட் +1.50 வரை உள்ளவர்களுக்கு நடுத்தர விலை ஃப்ரீஃபார்மே தாராளம். ஆட் +2.00-ஐத் தாண்டினாலும், சிலிண்டர் பவர் அதிகமாக இருந்தாலும், கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்வதில் அர்த்தம் உண்டு. நடுப்பகுதி அகலமாகக் கிடைக்கும். அடிப்படை வகையில் பவர் கூடக் கூடப் பக்க மங்கலும் நன்றாகத் தெரியும்.

லென்ஸ் தடிமனை 1.50, 1.60 என்று ஓர் எண்ணால் சொல்வார்கள், எண் கூடினால் லென்ஸ் மெல்லிசாகும். மூன்று பவருக்குள் இருந்தால் 1.50 அல்லது 1.56 போதும். அதற்கு மேல் 1.60. ஐந்து, ஆறு தாண்டினால் 1.67 பாருங்கள். சின்னப் பவருக்கு 1.67 தள்ளப் பார்த்தால் மறுத்துவிடுங்கள்.

கோட்டிங்கில் ஒளி பிரதிபலிக்காத ஏ.ஆர். கோட்டிங் கட்டாயம். இரவில் எதிர் வண்டி விளக்கு கூசாமல் இருக்க அது உதவும். கீறல் தாங்கும் ஹார்டு கோட் பெரும்பாலும் சேர்ந்தே வரும். நீல ஒளியைத் தடுக்கும் புளூ கட் பற்றிக் கடையில் நிறையச் சொல்வார்கள். அதனால் கண் களைப்பு குறைவதாகத் தெரியவில்லை என்றுதான் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2023-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. இலவசமாக வந்தால் சரி, தனியாகப் பணம் கொடுக்க வேண்டாம். வெயிலில் கறுக்கும் லென்ஸும் முதல் கண்ணாடிக்குத் தேவையில்லை. காருக்குள் அது சரியாகக் கறுப்பதும் இல்லை.

ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்ற சலுகையில் இரண்டாவது கண்ணாடிக்கும் புரோகிரசிவ் உண்டா, இல்லை சாதாரண லென்ஸ் மட்டுமா என்று கேளுங்கள். சாதாரணம்தான் என்றால், கம்ப்யூட்டருக்கென்று ஒன்று செய்துகொள்ளலாம். அது உண்மையிலேயே பயனுள்ளது, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

6. அளவெடுப்பது: இந்த இடத்தில் நின்று கேளுங்கள்

மொத்த வேலையிலும் இதுதான் முக்கியம்.

இரண்டு அளவுகள் வேண்டும். முதலாவது பி.டி., அதாவது கண் பாப்பாக்களுக்கு இடையிலான தூரம். சாதாரணக் கண்ணாடிக்கு 62, 64 என்று ஒரே எண் எழுதுவார்கள். புரோகிரசிவுக்கு மூக்கின் நடுவிலிருந்து வலது பாப்பா எவ்வளவு, இடது பாப்பா எவ்வளவு என்று தனித்தனியாக வேண்டும். 64 என்பது எல்லோருக்கும் 32, 32 ஆக இருக்காது. 31, 33 ஆகவும் இருக்கலாம். நடுப்பகுதி குறுகலானது என்பதால் ஒன்றிரண்டு மி.மீ. விலகினாலே ஒரு கண் மங்கலான பகுதிக்குள் போய்விடும்.

இரண்டாவது உயரம். நீங்கள் வாங்கப்போகும் அதே ஃப்ரேமை மாட்டிக்கொண்டு, நேராகப் பார்க்கும்போது உங்கள் பாப்பாவின் நடுவிலிருந்து ஃப்ரேமின் கீழ் விளிம்பு வரை எவ்வளவு என்பது. சாதாரண வகை லென்ஸுக்கு இது 18 மி.மீ. அளவாவது இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் குட்டைப் பாதை உள்ள, அதாவது மேலிருந்து கீழே குறைந்த தூரத்திலேயே பவர் மாறிவிடும் லென்ஸ் போட வேண்டும், அல்லது ஃப்ரேமை மாற்ற வேண்டும்.

எப்படிச் செய்தால் சரி என்று சொல்கிறேன். முதலில் ஃப்ரேமை உங்கள் மூக்குக்கும் காதுக்கும் ஏற்ப வளைத்துப் பொருத்த வேண்டும். அதன்பின்தான் அளவு. பொருத்தாமல் அளந்துவிட்டு, கொடுக்கும் நாளில் வளைத்தால் அளந்த உயரம் மாறிப்போகும். அளப்பவரின் கண்ணும் உங்கள் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அவர் நின்றுகொண்டு, நீங்கள் ஸ்டூலில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால் உயரம் தப்பாக வரும். ஃப்ரேமில் இருக்கும் வெற்று லென்ஸில் மார்க்கர் பேனாவால் பாப்பாவின் நடுவில் புள்ளி வைப்பார்கள். வைத்த பிறகு எழுந்து கொஞ்சம் நடந்து, இயல்பாக நின்று, மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். சிலர் அளவெடுக்கும்போது மட்டும் விறைப்பாக நிற்பார்கள்.

ஃப்ரேமை மாட்டாமலே உயரத்தை எழுதினாலோ, "இதுக்கெல்லாம் ஸ்டாண்டர்ட் அளவு இருக்கு" என்றாலோ எழுந்து வந்துவிடுங்கள். என் முதல் கண்ணாடி அப்படித்தான் செய்யப்பட்டது.

இதனால்தான் முதல் புரோகிரசிவை ஆன்லைனில் வாங்க வேண்டாம் என்று சொல்கிறேன். கைபேசிக் கேமராவில் பி.டி.யை ஓரளவு எடுத்துவிடுகிறார்கள், ஆனால் அந்த ஃப்ரேம் உங்கள் மூக்கில் எங்கே உட்காரும் என்று அவர்களுக்குத் தெரியாது. ஆன்லைன் நிறுவனத்துக்கு உங்கள் ஊரில் கடை இருந்தால் அங்கே நேரில் போய் அளவு கொடுங்கள்.

7. பணம் கட்டும் முன் எழுதி வாங்க வேண்டியவை

ஆர்டர் தாளில் இவை இருக்க வேண்டும்: இரண்டு கண்ணின் பவரும் ஆட்டும், தனித்தனி பி.டி., தனித்தனி உயரம், லென்ஸின் முழுப் பெயர், தடிமன் எண், கோட்டிங், கொடுக்கும் தேதி. ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

"பழகவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். பல லென்ஸ் நிறுவனங்கள் குறிப்பிட்ட நாளுக்குள் ஒருமுறை மாற்றித் தருகின்றன. அல்லது பைஃபோகலாக மாற்றித் தருகின்றன. எத்தனை நாள், எத்தனை முறை, மீதிப் பணம் திரும்ப வருமா என்பதைப் பில்லின் பின்பக்கமாவது எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தை பிறகு உதவாது. இப்படி எழுதித் தர மறுக்கும் கடையைவிட, ஐந்நூறு ரூபாய் கூடக் கேட்டாலும் எழுதித் தரும் கடை மேல்.

பில்லில் ஃப்ரேம் விலையும் லென்ஸ் விலையும் தனித்தனியாக இருக்கட்டும். பார்வைக் கண்ணாடிக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். அதற்கு முன் 12 ஆக இருந்தது. பழைய விகிதத்தில் போட்டிருந்தால் கேளுங்கள். அலுவலகத்தில் கண்ணாடிச் செலவு திரும்பத் தருவார்கள் என்றால் பில்லும் சீட்டும் ஒரே பெயரில் இருக்க வேண்டும். சாதாரண மருத்துவக் காப்பீட்டில் கண்ணாடி பெரும்பாலும் சேராது.

பாதிப் பணம் முன்பணமாகக் கேட்பது வழக்கம். முழுவதையும் கட்ட வேண்டாம். சாதாரணக் கண்ணாடி அன்றே கிடைக்கும், புரோகிரசிவ் லேபில் செய்து வர நாலு நாள் முதல் பத்து நாள் வரை ஆகும். தீபாவளி, பொங்கல் ஒட்டி இன்னும் இழுக்கும்.

8. வாங்கும் நாள்

"லென்ஸ் மேல இருக்கிற மார்க்கை அழிக்காம வையுங்க" என்று முன்பே போன் செய்து சொல்லிவிடுங்கள். லேபிலிருந்து வரும்போது லென்ஸில் மஞ்சள் அல்லது வெள்ளை மையில் ஒரு சிலுவைக் குறியும் வட்டங்களும் இருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நேராகப் பார்த்தால், அந்தச் சிலுவை உங்கள் பாப்பாவின் நடுவுக்கு நேராக இருக்க வேண்டும். கூட வந்தவரைப் பார்க்கச் சொல்லுங்கள், அல்லது கைபேசியில் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். சரியாக இருந்தால்தான் மையை அழிக்க வேண்டும்.

அழித்த பிறகும் அழியாத குறிகள் உண்டு. லென்ஸில் வாயால் ஊதி ஆவி படியவைத்து விளக்குக்கு எதிரே சாய்த்துப் பார்த்தால், 34 மி.மீ. இடைவெளியில் இரண்டு நுண்ணிய பொறிப்புகள் தெரியும். காதுப் பக்கம் உள்ளதன் கீழே ஆட் எண் இருக்கும். மூக்குப் பக்கத்தில் லென்ஸ் நிறுவனத்தின் அடையாளம் இருக்கும். பில்லில் எழுதிய லென்ஸ்தான் வந்திருக்கிறதா என்று இதை வைத்தே தெரிந்துகொள்ளலாம். லென்ஸ் வந்த உறையையும் கார்டையும் கேட்டு வாங்குங்கள்.

அங்கேயே எதிர்க் கடைப் பலகை, கடைக்குள் இருக்கும் காலண்டர், கைபேசி மூன்றையும் பாருங்கள். மூன்றும் தலையை அதிகம் ஆட்டாமல் தெரிய வேண்டும்.

9. பழகும் காலம்

பலருக்கு ஒரு வாரம், சிலருக்கு இரண்டு மூன்று வாரம். முதல் சில நாள் தரை மிதப்பதுபோல் இருக்கும், தலையைத் திருப்பினால் ஓரங்கள் நெளியும், லேசாகத் தலை கனக்கும். இது இயல்பு.

காலையில் எழுந்ததும் போடுங்கள், மாலையில் களைத்த கண்ணோடு ஆரம்பிக்காதீர்கள். முதல் நாள் வீட்டுக்குள் மட்டும் போதும். பழைய கண்ணாடியை எடுத்துப் போடாதீர்கள். மாறி மாறிப் போட்டால் மூளை பழகவே பழகாது. முடியவில்லை என்றால் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடி இருந்துவிட்டு, மறுபடி இதையே போடுங்கள்.

பக்கத்தில் இருப்பதைப் பார்க்கக் கண்ணை மட்டும் ஓட்டாமல், முகத்தையே திருப்புங்கள். எதைப் பார்க்கிறீர்களோ அதை நோக்கி மூக்கு இருக்கட்டும். படிக்கும்போது இதற்கு நேர்மாறு: தலையைக் குனியாமல் கண்ணை மட்டும் தாழ்த்துங்கள். கைபேசியை முகத்துக்கு நேராகத் தூக்காமல் நெஞ்சுக்குக் கீழே பிடியுங்கள்.

படி இறங்குவதுதான் ஆபத்தான இடம். கண்ணை மட்டும் தாழ்த்தினால் படிக்கும் பகுதி வழியாகப் பார்ப்பீர்கள், படி மங்கும், கிட்டத்தில் இருப்பதுபோல் தோன்றும். மோவாயை நெஞ்சோடு ஒட்டுவதுபோல் நன்றாகக் குனிந்து, லென்ஸின் மேல்பகுதி வழியாகப் படியைப் பாருங்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் ஏறி இறங்கும்போதும் இதே கவனம் வேண்டும்.

இரு சக்கர வண்டியை, நடக்கும்போது எந்தத் தடுமாற்றமும் இல்லை என்று ஆனபிறகே எடுங்கள். முழு ஹெல்மெட் கண்ணாடியைக் கீழே தள்ளும் அல்லது மேலே தூக்கும். ஹெல்மெட்டை மாட்டிய பிறகு கண்ணாடியைச் செருகி, நேராக இருக்கிறதா என்று வண்டியின் கண்ணாடியில் பாருங்கள். பக்கக் கண்ணாடியைப் பார்க்க முகத்தைக் கொஞ்சம் திருப்பிப் பழகுங்கள்.

படுத்துக்கொண்டு டிவி பார்ப்பதும், ஒருக்களித்துப் படுத்துப் படிப்பதும் இதில் வராது. அதற்குப் பழைய படிக்கும் கண்ணாடி இருக்கட்டும். மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவர்கள் மேல் அலமாரியில் மருந்துப் பெயரைப் படிக்க அண்ணாந்து பார்ப்பார்கள். கிட்டப் பவர் கீழேதான் இருக்கிறது என்பதால் அது தெரியாது, ஸ்டூல் போட்டு ஏறித்தான் பார்க்க வேண்டும்.

நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் இருப்பவர்கள் முதலில் திரையைத் தாழ்த்துங்கள். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கட்டும். நடுப்பகுதி குறுகலாக இருப்பதால் அகலமான திரைக்கு அது போதாது. அதற்கும் கழுத்து வலித்தால், கம்ப்யூட்டர் தூரத்துக்கு மட்டும் பவர் வைத்த சாதாரணக் கண்ணாடி ஒன்றை மேசையிலேயே வைத்துவிடுங்கள். சலுகையில் வரும் இரண்டாவது கண்ணாடிக்குச் சரியான வேலை அதுதான்.

10. பழக்கமின்மையா, தப்பான கண்ணாடியா?

கடைக்காரர் எல்லாவற்றுக்கும் "பழகிடும்" என்றே சொல்வார். நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

படிக்க மோவாயைத் தூக்க வேண்டியிருக்கிறதா? கண்ணாடியை விரலால் சற்றே மேலே தூக்குங்கள். எழுத்து தெளிவானால், லென்ஸ் தாழ்வாகப் பொருத்தப்பட்டிருக்கிறது, அல்லது ஃப்ரேம் இறங்கியிருக்கிறது.

தூரத்தைப் பார்க்கத் தலையைக் குனிய வேண்டியிருக்கிறதா? கண்ணாடியைக் கொஞ்சம் கீழே இறக்கினால் தெளிவானால், உயரமாகப் பொருத்தியிருக்கிறார்கள்.

நேரே உள்ளதைப் பார்க்க முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பினால்தான் தெரிகிறதா? பி.டி.யில் சந்தேகப்படுங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள், எந்தக் கண் என்று தெரிந்துவிடும்.

எப்படிப் பார்த்தாலும் தூரமும் தெளிவில்லை, கிட்டமும் தெளிவில்லை என்றால் பவரே தப்பாக இருக்கலாம். பரிசோதித்த இடத்துக்கே கண்ணாடியை எடுத்துப் போய், மெஷினில் வைத்து லென்ஸின் பவரைச் சீட்டோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

முதல் மூன்றில் சிலவற்றை மூக்கு பேடை வளைத்தே ஐந்து நிமிடத்தில் சரிசெய்யலாம், செலவில்லை. அதிலும் சரியாகவில்லை என்றால் மறுபடி மையால் குறியிட்டுக் காட்டச் சொல்லுங்கள். சிலுவை பாப்பாவில் இல்லை என்பதைப் போட்டோவோடு காட்டினால், மாற்றித் தருவதை மறுப்பது கடினம். எழுதி வாங்கிய கெடு முடிவதற்குள் போங்கள். மூன்று வாரம் விடாமல் போட்டும், அளவெல்லாம் சரியாக இருந்தும் ஒத்துவரவில்லை என்றால் பைஃபோகலுக்கு மாறுவதில் குறைவொன்றும் இல்லை. சிலருக்கு அதுவே வசதி.

11. பிறகு

துடைக்கும் முன் குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். தூசியோடு வேட்டி நுனியாலும் முந்தானையாலும் தேய்த்தால் கோட்டிங் கீறும். வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் வைத்தால் கோட்டிங் வெடித்துவிடும். ஒரு கையால் கழற்றாதீர்கள், ஃப்ரேம் கோணினால் அளவெல்லாம் விலகும். சில மாதத்துக்கு ஒருமுறை கடையில் கொடுத்து நிமிர்த்திக்கொள்ளுங்கள். வாங்கிய கடை இதற்குப் பணம் கேட்காது.

ஐம்பதுகளின் நடுப்பகுதி வரை கிட்டப் பவர் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கூடலாம். அடுத்த கண்ணாடி வாங்கும்போது இந்த ஆர்டர் தாளை எடுத்துப் போங்கள். அதே லென்ஸ் வகையையே கேட்டு, உங்களுக்குப் பழகிய அந்த உயரத்தையும் காட்டினால், இரண்டாவது கண்ணாடி ஓரிரு நாளிலேயே பழகிவிடும்.